நான்கு கொத்துப் போட்ட சாட்சிக் கல்

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு இசக்கிராணி தொலைபேசியில் அழைத்தாள். தூத்துக்குடி கனிம அலுவலகத்தில் நான் விட்டுவந்த நில அளவர் நாற்காலியில் இப்போது இருப்பவள். பின்னணியில் காற்று இரைந்தது.

“மேடம், நாலுபனைவிளைத் தேரியில நிக்கேன். தடை இருக்கிற நிலம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர் மேப்புல ஏத்துற வேலை. பழைய வரைபடத்துல காட்டு மூலையில உங்க கையெழுத்துல ஒரு குறிப்பு இருக்கு. ‘சாட்சிக் கல், நான்கு கொத்து’ன்னு. எந்த ரூல்லயும் இப்படி ஒரு கல்லு கிடையாதே மேடம்?”

“கல்லு கண்ணுக்குத் தெரியுதா?”

“ஒண்ணு தெரியுது.”

“அதுல இருந்து அளந்துராத. மொதல்ல எத்தன உளிக் கொத்து இருக்குன்னு எண்ணு. பக்கத்து நிலத்துக்காரங்களக் கூப்பிட்டுக் கேளு. அப்புறம் ரெண்டு பக்கமும் அளந்து பாரு.”

மூன்று நிமிடம் பேசினோம். அவள் வேலை நடக்க அது போதும். அந்தக் குறிப்பு அங்கே எப்படி வந்தது என்பதை மூன்று நிமிடத்தில் சொல்ல முடியாது. நில அளவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நண்பர்கள் ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று மாலையே அலமாரியைத் திறந்து, சுமார் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய நாட்குறிப்பை எடுத்து வைத்தேன்.

நாட்குறிப்புப் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் துறைமுகத்தில் சரக்கு மூட்டைகளை எண்ணும் டாலி கிளார்க். “எண்ணும்போதே எழுதணும். வீட்டுக்கு வந்து எழுதினா அது கதை” என்பார். வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து, முழங்கால் ஒத்துழைக்காமல் ஐம்பத்தாறு வயதில் விருப்ப ஓய்வு பெற்ற நாள்வரை, அன்றன்று களத்தில் நின்றபடியே எழுதியிருக்கிறேன். போன இடம், உடன் வந்தவர், அளந்த தூரம், காற்று, வெயில், அளக்காமல் விட்டது. கடைசியாகச் சொன்ன அந்தப் பத்திதான் பின்னால் என்னைப் பிடித்துக் கொடுத்தது, காப்பாற்றியதும் அதுவே.

பயிற்சி ஆண்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. சங்கிலி இழுத்தோம், கல் தேடினோம், படம் வரைந்தோம். இருபத்தெட்டுப் பேரில் நாங்கள் மூன்று பெண்கள். வெயிலில் மயங்கி விழுந்தவர்கள் இருவரும் ஆண்கள். நான் கனிமத் துறைக்கு மாற்றப்பட்டு வந்தபோது, என் அலுவலகத் தலைவராக இருந்தவர் சங்கரலிங்கம் சார். என் வேலை வாழ்க்கை உண்மையில் அவர் மேசைக்கு முன்னால்தான் தொடங்கியது.

குள்ளமான மனிதர். சட்டைப்பையில் எப்போதும் வெள்ளைக் கைக்குட்டை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எந்தக் கோப்பையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். நாம் எந்த அளவைச் சொன்னாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

“நூற்றிருபது மீட்டர், சார்.”

“எங்க இருந்து?”

“கோயில் சுவர்ல இருந்து சார்.”

“சுவர்ல எங்க இருந்து?”

களத்துக்கு வந்தால் விண்ணப்பதாரர் கொடுக்கும் இளநீரைத் தொட மாட்டார். முகத்தைச் சுளித்து மறுக்கவும் மாட்டார். “வேலை முடியட்டும், குடிக்கேன்” என்பார். வேலை முடிவதற்குள் ஜீப் கிளம்பியிருக்கும். எங்கள் களப்பணியாளர் வேதமுத்து அண்ணன் மட்டும் அந்த இளநீர்களைப் பின்னால் ஏக்கமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவார்.

எங்கள் வேலையை வெளியார் தவறாகப் புரிந்துகொள்வதுண்டு. பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பவர்கள் என்று நினைப்பார்கள். அது புவியியலாளர் வேலை. நில அளவரின் வேலை, கனிமம் இருக்கும் இடத்தைச் சுற்றி எவையெல்லாம் இருக்கின்றன என்று அளப்பது. காப்புக்காடு, கடல் ஓதம் ஏறும் கோடு, குளம், சுடுகாடு, குடியிருப்பு, தொல்லியல் துறையின் வேலி: ஒவ்வொன்றிலிருந்தும் இவ்வளவு தூரத்துக்குள் தோண்டக்கூடாது என்று ஓர் அளவு உண்டு. எங்கள் மாவட்டத்தில் இவை ஒன்றோடொன்று நெருங்கிக் கிடக்கின்றன. மேற்கே ஆதிச்சநல்லூரில் தாழிகள் புதைந்த பரம்பு மேடு, கிழக்கே கடல், நடுவே சிவப்பு மணல் தேரி. கனிமமும் அதே இடங்களில்தான்.

ஆதிச்சநல்லூர்ப் பக்கம் கிராவல் எடுக்க ஒருவர் விண்ணப்பித்திருந்தார். வேலியிலிருந்து போதுமான தூரம் இருந்தது. நான் எழுதி முடித்துவிட்டேன். சங்கரலிங்கம் சார் வேலியோரமாகவே ஒரு மணி நேரம் நடந்தார். ஓரிடத்தில் வேலிக் கம்பி கோணலாக வளைந்திருந்தது. லாரி இடித்துப் பின்னால் தள்ளியிருக்கிறது. வேலி நின்ற பழைய குழிகள் ஆறடி முன்னால் இருந்தன. “எங்க இருந்து?” என்று என்னைக் கேட்டார். நான் குழிகளைக் காட்டினேன். அளவு மாறினாலும் அந்த விண்ணப்பம் பிழைத்தது. “பாத்தீங்களா, கடைசில ஒண்ணும் மாறலியே சார்” என்றார் விண்ணப்பதாரர். “இப்ப அது உங்களுக்குத் தெரியும்லா?” என்றார் சார்.

இனி நாலுபனைவிளை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு ஆண்டு அனுபவம். அனுபவம் இல்லாதவள் அந்தத் தவறைச் செய்திருக்க மாட்டாள் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அந்தத் தேரி மணலில் இல்மனைட் என்ற கனமான கனிமம் கலந்திருக்கிறது. ஒரு நிறுவனம் அங்கே பட்டா நிலங்களைக் குத்தகைக்கு எடுக்க முன்வந்தது. நிலத்துக்காரர்கள் அண்ணன் தம்பி இருவர். அண்ணன் பெருமாளுக்கு ஐம்பத்திரண்டு வயது, பனையேறி. தம்பி முத்துமாலை பம்பாயில் ஒரு மளிகைக் கடையில் பதினேழு வருடமாகச் சம்பளத்துக்கு இருந்தார். நிலம் பாகம் பிரித்தாகிவிட்டது, மனம் பிரியவில்லை. அண்ணனுக்கு வேண்டியது பனையை விட்டு இறங்குவது. தம்பிக்கு வேண்டியது ஊரில் சொந்தக் கடை. இரண்டுக்கும் அந்த மணலைத் தவிர வேறு வழி இல்லை. அதில் முருங்கைகூடச் சரியாக நிற்பதில்லை.

இரண்டு நிலங்களுக்கும் இடையில் காப்புக்காட்டின் மூலை ஒன்று, அரிவாள் நுனிபோலக் கூராக நீண்டிருந்தது. அந்த நுனிக்குத் தெற்கே தம்பி நிலம், வடகிழக்கே அண்ணன் நிலம். காட்டு எல்லையிலிருந்து அறுபது மீட்டருக்குள் தோண்டக்கூடாது என்பது அன்று எங்களுக்கு இருந்த அளவு. அதுபோக முப்பது மீட்டர் அகலமாவது மிஞ்சினால்தான் எடுப்போம் என்று நிறுவனம் சொல்லியிருந்தது. ஆகவே எல்லாம் அந்த மூலைக் கல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஆடி மாதம் பதினான்காம் தேதி போனோம். தேரியில் ஆடிக் காற்றை அறிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம். மேற்கிலிருந்து அடிக்கும். மணல் தரையில் ஓடுவது கணுக்கால்வரை தெரியும். அதற்கு மேல் எல்லாம் சிவப்பாக இருக்கும். ஒரு பெரிய மணல்மேட்டின் தெற்கு ஓரத்தில் கல் நின்றது. வந்திருந்த வனக்காவலரும் அதுதான் கல் என்றார். முத்துமாலை விடுப்பில் வந்திருந்தார். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார். கல்லில் உளி பட்ட கீறல்கள் நான்கு இருந்ததைப் பார்த்தேன். ‘பழைய கல், கொத்துத் தழும்புகள்’ என்று குறித்துக்கொண்டேன்.

மேற்கே, பாறைமேல் இருந்த எல்லைக் கல்லிலிருந்து அளந்தேன். பழைய பதிவு முந்நூறு மீட்டர். எனக்கு வந்தது முந்நூற்றொன்றரை. மணலில் அந்த வித்தியாசம் பெரிதல்ல. அடுத்து வடக்குக் கல்லிலிருந்தும் அளக்க வேண்டும். அதுதான் சாரின் விதி, எல்லா நில அளவருக்கும் விதி. ஒரு கயிற்றின் ஒரு முனையை ஆணியில் கட்டிவிட்டு மறுமுனையைச் சுற்றினால், தூரம் மாறாது, இடம் மாறிக்கொண்டே போகும். இரண்டு ஆணியிலிருந்து பிடித்தால்தான் இடம் ஒன்றாக நிற்கும்.

“மேடம், கண்ணு ரெண்டும் மண்ணு. எம் பொண்டாட்டி வந்து நின்னாலே அடையாளந் தெரியாது. நாளைக்கு வந்து வடக்க பாப்போம்” என்றார் வேதமுத்து அண்ணன்.

“தேவையில்ல அண்ணே. ஒண்ணு சரியா வந்துட்டு. போதும்.”

அன்றைய நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: ‘வடக்குக் கல்லிலிருந்து அளவு எடுக்கவில்லை. காற்று.’ அறிக்கையில் இந்த வரி இல்லை. அறிக்கையில் ஒரு படமும் ஒரு முடிவும் மட்டும் இருந்தன. பெருமாள் நிலத்தில் முப்பத்தைந்து மீட்டர் மிஞ்சுகிறது, பரிந்துரைக்கலாம். முத்துமாலை நிலத்தில் பதினாறுதான் மிஞ்சுகிறது, இயலாது.

முத்துமாலை ஒரு வார்த்தை பேசவில்லை. மறுவாரம் ரயிலேறி பம்பாய்க்குப் போய்விட்டார். பெருமாள் தன் தளைநாரை, அதாவது பனையேறுகிறவர்கள் காலில் மாட்டும் வளையத்தை, ஒரு உறவுக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, இனிப் பனையைத் தொடமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தாராம்.

ஆவணி மூன்றாம் வாரம் பெருமாள் அலுவலகத்துக்கு வந்தார். நான் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அளந்த அன்று அவர் பனையில் இருந்தார். கறுத்த, ஒடிசலான ஆள். நெஞ்சில் பனை தேய்த்த காய்ப்பு. வெளுத்த சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட மடிப்போடு வந்திருந்தார்.

“யம்மா, எனக்கு ஒண்ணும் கேக்கதுக்கு இல்ல. எந் தம்பி நெலம் ஏன் வரலன்னு மட்டும் சொல்லுங்க. அவன்ட்ட போன்ல கேட்டா, ‘அது அப்படித்தாம்ண்ணே’ங்கான். அப்படித்தான்னா எப்படி?”

நான் படத்தை விரித்துக் காட்டினேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, சுத்தமான படம். அவர் படம் படிக்கத் தெரியாதவர் என்று நினைத்து மெதுவாக விளக்கினேன். அவர் விரலை நேரே காட்டு மூலையில் வைத்தார்.

“இது சாட்சிக் கல்லுலா? நெசக் கல்லு இங்கன இல்லையே.”

“சாட்சிக் கல்லுன்னா?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஏளனம் இல்லை, வியப்புதான் இருந்தது. தேரியில் மணல்மேடு நடந்துகொண்டே இருக்கும். எல்லைக் கல்லை மூடப்போகிறது என்று தெரிந்தால், இரண்டு பக்கத்து நிலத்துக்காரர்களும் சேர்ந்து போய் வேறொரு கல்லை நடுவார்கள். மேடு கிழக்கே நகர்வதால், அதன் வழியில் நடாமல் தெற்கே ஒதுக்கி நடுவார்கள். அதில் உள்ள ஒவ்வொரு கொத்துக்கும் பத்துத் தப்படி வீதம் வடக்கே நடந்தால் நிஜக் கல் புதைந்திருக்கும். இதை அந்த ஊரில் ஆடு மேய்க்கிறவர்களும் அறிவார்கள். என் ‘கொத்துத் தழும்புகள்’ நான்கும் நாற்பது தப்படி. ஏறத்தாழ முப்பது மீட்டர்.

“முத்து பக்கத்துலதான நின்னான்? சொல்லலியா?” என்றார்.

நான் படத்தில் பென்சிலால் மூலையை முப்பது மீட்டர் வடக்கே தள்ளிப் புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளிக்குக் காட்டின் இரண்டு எல்லைக் கோடுகளை இழுத்தேன். தெற்குக் கோடு தம்பியின் நிலத்தை விட்டு விலகியது. மற்றக் கோடு அண்ணனின் நிலத்துக்குள் நகர்ந்தது. அளந்து பார்த்தேன். தம்பிக்குக் கிழக்குப் பாதியில் நாற்பதுக்கு மேல் மிஞ்சும். அண்ணனுக்குப் பதினான்கு.

“இது சரின்னா, உங்க நிலம் போயிரும் அண்ணாச்சி” என்றேன்.

அவர் பென்சில் கோட்டின்மேல் விரலை ஓட்டினார். பிறகு, “அதாம் பய வாயத் தொறக்கல” என்றார்.

வராந்தாவுக்குப் போய் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். அவர் பேசியது அலுவலகம் முழுக்கக் கேட்டது.

“ஏலே, நீ என்ன பெரிய வள்ளலோ?... எந்தக் கல்லா? ஒனக்குத் தெரியாது எந்தக் கல்லுன்னு! சின்னப்புள்ளைல ஆட்டுக்குட்டியக் கட்டிப் போட்டுட்டு ஒறங்குனது எந்தக் கல்லுல?... வாய மூடு. நான் உன்ட்ட கேட்டனா, எனக்குப் பாவம் பாருன்னு?... பதினேழு வருசமா அடுத்தவன் கடையில பொட்டலங் கட்டுத. இன்னும் பதினேழு கட்டுவியோ?... வைல போன!”

உள்ளே வந்து, “தோண்டிப் பாருங்கம்மா” என்றார்.

அதற்குள் சங்கரலிங்கம் சார் தன் அறை வாசலில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். மேசைக்கு வந்து படத்தைப் பார்த்தார்.

“முந்நூத்தொண்ணரை. எங்க இருந்து?”

“மேக்குக் கல்லுல இருந்து சார்.”

“வடக்குக் கல்லுல இருந்து?”

“எடுக்கல சார்.”

“அறிக்கைல அப்படி எழுதலியே.”

நாட்குறிப்பை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். ஒளிக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியதையும் எழுதிவிடுகிறேன். அவர் படித்தார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

“இதுல எழுதுன ஆளுதான் அதையும் எழுதுனதா?” என்றார்.

அவரிடம் நான் வாங்கிய ஏச்சு இந்த ஒரு வாக்கியம்தான்.

அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக அவரே குறிப்பு எழுதினார். நான்காம் நாள் எல்லோரும் தேரிக்குப் போனோம். அவரும் வந்தார். டேப்பின் ஒரு முனையை வேதமுத்து அண்ணன் பிடிக்க, மறுமுனையைத் தானே பிடித்தார். வடக்குக் கல்லிலிருந்து நான் கண்ட கல்வரைக்கும் அளந்தோம். பழைய பதிவைவிட இருபது மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தது. ஆடி பதினான்கில் கால் மணி நேரம் செலவழித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பிறகு இரண்டு கல்லிலிருந்தும் பதிவு அளவைப் பிடித்தோம். டேப் இரண்டும் சந்தித்த இடம் மணல்மேட்டின் சரிவில் இருந்தது. பெருமாள் சாட்சிக் கல்லிலிருந்து நாற்பது தப்படி எண்ணிக்கொண்டு வந்தார். எங்கள் குச்சிக்கு ஒரு முழம் முன்னால் நின்றார்.

“எங்க தாத்தா காலு கொஞ்சம் நீளம்” என்றார்.

தோண்டத் தொடங்கியதும் முத்துமாலை வந்து சேர்ந்தார். ரயிலிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தார், கையில் பை. வந்த வேகத்தில் அண்ணன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடித்தார்.

“உம்ம யாரு தோண்டச் சொன்னா? ஆப்பீசர் அளந்து முடிச்சாச்சு. பேசாம இரியும்.”

“ஆப்பீசருதாம்ல தோண்டச் சொல்லுதாவ.”

“தளைநாரக் கொடுத்துட்டு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சீரே. இனி எந்த மூஞ்சிய வச்சி திருப்பிக் கேப்பீரு?”

“இதே மூஞ்சிதான். வேற மூஞ்சிக்கு எங்க போவ?”

வேதமுத்து அண்ணன் சிரித்துவிட்டார். முத்துமாலை சிரிக்கவில்லை. சார் அவரிடம், “அன்னைக்கே நீங்க சொல்லியிருந்தா இவ்வளவு மண்ணு அள்ள வேண்டாமே” என்றார்.

முத்துமாலை என் பக்கம் கையைக் காட்டினார். “மேடம் கேக்கலியே சார். கேட்டா பொய் சொல்லியிருக்க மாட்டேன். கேக்காம இருக்கணுமேன்னு முருகன வேண்டிக்கிட்டு நின்னேன்.”

அது உண்மை. பத்தடி தூரத்தில் நின்றவரை நான் கேட்கவே இல்லை. துண்டால் முகத்தை மூடியிருந்தார், காற்றுக்காக என்று நினைத்தேன்.

தேரி மணலில் குழி தோண்டுவது தண்ணீரில் குழி தோண்டுவதுபோல. தோண்டத் தோண்டச் சரியும். பனமட்டையைச் சுற்றிலும் அடித்து நிறுத்திக்கொண்டே இறங்க வேண்டும். காலை ஒன்பதே காலுக்குத் தொடங்கி, பன்னிரண்டு ஐம்பதுக்குக் கடப்பாரை ‘ணங்’ என்றது. ஏழடி ஆழம். தலையில் வெட்டிய அம்புக்குறியும், காட்டு எண்ணும், செதுக்கியவன் நேற்றுத்தான் போனதுபோலக் கூர்மையாக இருந்தன. மணல் அவற்றைத் தேயாமல் வைத்திருந்தது.

குழிக்குள்ளிருந்து பெருமாள் நிமிர்ந்து பார்த்தார். “ஏ முத்து, உன் ஆட்டுக்குட்டி இன்னும் இங்கனதாம்ல நிக்கி” என்றார். முத்துமாலை மணலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். இந்தத் தடவை துண்டு இல்லை.

சார் குழிக்குள் இறங்கி, கைக்குட்டையால் கல்லின் தலையைத் துடைத்து, எண்ணை வாய்விட்டுப் படித்தார். மேலே வந்ததும் பெருமாள் செம்பில் தண்ணீர் நீட்டினார். நான் அவரது வழக்கமான பதிலுக்குக் காத்திருந்தேன். “வேலை முடிஞ்சிட்டுலா” என்று வாங்கி, முழுச் செம்பையும் குடித்தார்.

ஜீப்பில் திரும்பும்போது நான், “பெருமாள் அண்ணாச்சி சொல்லாமலே இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது சார்” என்றேன். சாகுபுரம் தாண்டும்போது அவர் கைக்குட்டையிலிருந்த மணலை வெளியே உதறினார். பிறகு, “தெரிஞ்சிருக்காது. அதனாலதான் ரெண்டு பக்கமும் அளக்கச் சொல்லுதாங்க. எல்லா ஊர்லயும் ஒரு பெருமாள் இருக்க மாட்டான்” என்றார்.

புதிய அறிக்கை போயிற்று. முத்துமாலையின் நிலம் பரிந்துரைக்கப்பட்டது. பெருமாளின் நிலம் தடையில் விழுந்தது. அறிக்கை மாறியதற்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். தவறு முழுக்க என்னுடையது என்று எழுதிக் கொண்டுபோனேன். சார் அதைப் படித்துவிட்டு, தன் விளக்கத்தையும் அதோடு இணைத்தார். அதில் ஒரு வரி எனக்கு இன்றும் மனப்பாடம்: ‘மேலொப்பமிடும் முன் இரண்டாம் அளவைக் கேட்டிருக்க வேண்டியவன் நான்.’ இருவருக்கும் கண்டிப்பு மெமோ வந்தது. அவர் ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. அதுவரை அவருடைய பணிப் பதிவேட்டில் ஒரு மெமோகூட இல்லை.

“உங்களுக்கு ஏன் சார்?” என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

“எங்க இருந்துன்னு உன்ட்ட ஊருக்கு முன்னால கேட்டேன். அறிக்கைல கையெழுத்துப் போடும்போது கேக்க மறந்துட்டேம்லா” என்றார். அவ்வளவுதான். பிறகு அதைப் பற்றி அவரும் பேசவில்லை, என்னையும் பேசவிடவில்லை.

அதற்குப்பின் நான் எந்தக் களத்துக்குப் போனாலும் டேப்பை விரிக்கும் முன்பு பக்கத்து நிலத்துக்காரர்களைக் கேட்பேன். “இந்தக் கல்லைப் பத்தி ஏதாவது சொல்லணுமா?” என்பேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சில நேரம் இருக்கும். காயல்பட்டினத்துக்குத் தெற்கே ஓதக் கோடு அளக்கப் போனபோது, வலை உணக்கிக்கொண்டிருந்த ஒரு மீனவர், “இப்ப கடலு உள்ள போயிருக்கு மேடம். வாடை முடிஞ்சு வாங்க, இந்த மணலே இருக்காது” என்றார். வாடை முடிந்தபின் போனேன், மணல் இல்லை. அப்படி நான் செய்யாமல் தப்பிய தவறுகளுக்கெல்லாம் நாலுபனைவிளைக்கு நன்றி சொல்லிக்கொள்வேன்.

அடுத்த சித்திரையில் அந்த வழியாக ஜீப்பில் போனேன். ரோட்டோரப் பனையின் உச்சியில் ஒரு ஆள். நிறுத்தி இறங்கினேன். அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். மேலிருந்து குரல் வந்தது.

“யாரு, சர்வே மேடமா? அன்னைக்கு இங்கன ஏறி நின்னு பாத்திருந்தா மேக்குக் கல்லும் வடக்குக் கல்லும் தெரிஞ்சிருக்குமே!”

“நீங்க இருந்திருந்தா கேட்டிருப்பேன் அண்ணாச்சி!”

“நான் இங்கனதான் இருந்தேன். நீங்கதான் மேல பாக்கல!”

இறங்கி வந்து ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார். வேலை எதுவும் இல்லாததால் குடித்தேன். “வருத்தமா அண்ணாச்சி?” என்று கேட்டேன். “காலு வலிக்கி” என்றார். சற்றுக் கழித்து, “அவன் கட திறந்துட்டான் பாத்தேளா? போர்டுல எம் பேரப் போட்டிருக்கான், கோட்டிக்காரப் பய” என்றார்.

பேருந்து நிறுத்தத்தில் அந்தக் கடை இன்றும் இருக்கிறது. சங்கரலிங்கம் சார் பணியில் இருந்தவரை அந்தப் பக்கம் போகவில்லை. ஓய்வுபெற்ற மறுநாள் பஸ் ஏறிப் போய் ஒரு பாக்கெட் கடுகு வாங்கி வந்தாராம். அவர் மறைந்து ஆறு ஆண்டு ஆகிறது.

நிஜக் கல்லின்மேல் மணல் மறுபடி மூடும் என்பதால், அண்ணன் தம்பி இருவரும் சாட்சிக் கல்லை அதே இடத்தில் விட்டுவைத்தார்கள். விதியில் இடமில்லை என்று தெரிந்தும், ‘சாட்சிக் கல், நான்கு கொத்து’ என்று வரைபடத்தில் நான் எழுதினேன். சார் கீழே கையெழுத்துப் போட்டார். சில ஆண்டுகளில் அரசு அந்த வகை மணல் வேலையையே நிறுத்திவிட்டது. தம்பி நிலத்தில் தோண்டிய பள்ளத்தையும் ஆடிக் காற்று நிரப்பிவிட்டது. இன்று இரண்டு நிலமும் தடைக்குள்தான். அந்தக் கோடு எங்கே ஓடினாலும் இருவருக்கும் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

அதனால்தான் அன்று பிற்பகல் இசக்கிராணி அனுப்பிய புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கல் நின்ற இடம் பழைய இடம்போலத் தெரியவில்லை. நான்கு கொத்துக்குக் கீழே ஐந்தாவதாக ஒன்று, புதிதாக, வெள்ளையாக இருந்தது. மறுபடி அழைத்தேன்.

“அளந்துட்டியா?”

“ரெண்டு பக்கமும் அளந்துட்டேன் மேடம். அஞ்சு கொத்துக்கும் சரியா வருது. போன வருசம் மேடு அகலமாகி இந்தக் கல்லயும் மூடப் பாத்துச்சாம், அதனால இன்னும் தெக்க தள்ளி நட்டிருக்காங்க.”

“யாரு நட்டது?”

“கடைக்கார அண்ணாச்சி கல்லப் பிடிச்சிக்கிட்டாராம். அவங்க அண்ணனுக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியல. ஆனா கொத்துனது அவருதானாம் மேடம்.”